யு.பி.ஐ. வந்தது, சோம்புத் தட்டு காலியானது!

சர்வர் என்றதும் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நெட்வொர்க் கேபிளும், ஹார்ட் டிஸ்க் அடுக்கும், ஏ.சி. அறையும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரையில் வரும் சர்வர் வேறு. ஒரு கையில் நான்கு தட்டும் மறு கையில் சாம்பார் வாளியுமாக வந்து "என்ன சார் சாப்பிடறீங்க?" என்று கேட்கிறாரே, அவர். யோசித்துப் பார்த்தால் இரண்டு சர்வருக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். பலர் ஒரே நேரத்தில் கேட்பதை வாங்கிக்கொண்டு, யார் எதைக் கேட்டார் என்பது மாறாமல் கொண்டு வந்து தர வேண்டும். ஆனால் ஓட்டல் சர்வருக்கு பேக்கப் கிடையாது. ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்யவும் முடியாது!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஓட்டல் கதை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த மனிதரின் வருமானத்தில் ஒரு பகுதியை நம் கையில் உள்ள மொபைல் போன் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. எடுத்தது வைரஸ் அல்ல, மோசடி ஆப் அல்ல. நாம் எல்லோரும் பாராட்டும் யு.பி.ஐ.தான்.

நான் பெரம்பலூர்க்காரன். இன்ஜினியரிங் முடித்து சென்னையில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறேன். எங்கள் மாவட்டத் தலைநகருக்கு இன்றுவரை ரயில் இல்லாததால் பஸ்தான் கதி. மாதம் ஒரு முறை ஊருக்கு வரும்போது, அங்கே உறவினர் ஒருவர் நடத்தும் சிறிய சைவ ஓட்டலின் பில்லிங் சாப்ட்வேரைப் பார்த்துக் கொள்வது என் பொறுப்பு. சம்பளம் இரண்டு நெய் ரோஸ்ட், ஒரு காபி. அந்த கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர் டிப்ஸ் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். பில் 87 ரூபாய். நீங்கள் 100 ரூபாய் நோட்டை பில்லோடு தட்டில் வைப்பீர்கள். சர்வர் போய் 13 ரூபாய் மீதியைக் கொண்டு வருவார், கூடவே கொஞ்சம் சோம்பு. நீங்கள் 10 ரூபாயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு 3 ரூபாயை விட்டுவிட்டு எழுந்து விடுவீர்கள். கவனித்தீர்களா? இதில் சதவீதக் கணக்கு எதுவும் இல்லை. 10 சதவீதமா, 15 சதவீதமா என்று யாரும் யோசித்ததே இல்லை. மீதிதான் டிப்ஸ். சில்லறையை எண்ணி எடுப்பதற்கு நமக்கு இருந்த கூச்சமும் சோம்பலும்தான் அந்த வருமானத்துக்கு ஆதாரம். கொடுத்தோம் என்பதைவிட எடுக்காமல் விட்டோம் என்பதே சரி.

இப்போது அதே 87 ரூபாய்க்கு ஸ்கேன் செய்கிறீர்கள். 87-ஐ டைப் செய்து பின் நம்பர் போட்டால் முடிந்தது. மீதி என்ற ஒன்றே உருவாகவில்லை. உருவாகாத மீதியை எப்படி விட்டுச் செல்வது? டிப்ஸ் கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்யவில்லை. அந்தக் கேள்வியே உங்கள் முன்னால் வரவில்லை, அவ்வளவுதான்.

இது எப்படி நடந்தது என்பதற்கு தேதிகள் இருக்கின்றன. நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் யு.பி.ஐ.யை 2016 ஏப்ரலில் அறிமுகம் செய்தது. அதே ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. பணப் பரிமாற்றத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது என்று ஆனது. அடுத்த சில மாதங்களிலேயே கொரோனா; அடுத்தவர் கை பட்ட நோட்டைத் தொடவே பயந்தோம். தள்ளுவண்டிக் கடை வரை கியூ.ஆர். அட்டை தொங்க ஆரம்பித்தது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் யு.பி.ஐ. பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின. ஒரு சாப்ட்வேர்காரனாக இதில் எனக்குப் பெருமைதான். சில்லறை இல்லை என்று மிட்டாயைக் கையில் திணித்த காலம் போனதில் யாருக்கு வருத்தம்? சர்வருக்கு இருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் ஓட்டல்களில் சர்வர் வேலை என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நாள் கூலி. சாப்பாடும் படுக்க இடமும் முதலாளி தருவார். காலை டிபனுக்கு விடியும் முன்பே தொடங்கினால் இரவு கடை கழுவி விடும் வரை நிற்க வேண்டும், நடுவில் மதியச் சாப்பாடு முடிந்ததும் கொஞ்சம் ஓய்வு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளி மட்டும்தான் திறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு நாளும் வெளியூர்க் கூட்டம் பெரம்பலூர் ஓட்டல்களில்தான் வந்து இறங்கும். முன்பெல்லாம் அந்த நாட்களில் லீவு எடுக்க எந்த சர்வரும் சம்மதிக்க மாட்டார். குடும்பத்தோடு வருகிறவர்கள் சில்லறை பார்க்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். இப்போது திங்கட்கிழமை லீவு கேட்கிறார்கள் என்று என் உறவினர் புலம்புகிறார். கூட்டம் அதே கூட்டம்தான். வேலை இரண்டு மடங்கு, தட்டில் சோம்பு மட்டும்.

அரியலூர் பக்கம் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே சிமெண்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். சாப்பிட வருகிறவர்களில் லாரி டிரைவர்கள் அதிகம். அவர்கள் இன்னும் பாதிக்குப் பாதி நோட்டுதான் நீட்டுகிறார்கள், இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிய ஆளைத் தேடிப் பிடித்து 10 ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு நாள் முழுக்க நிற்கிறவரைப் புரிகிறது போலிருக்கிறது. லேப்டாப் பையோடு வரும் என் போன்றவர்கள் 87 என்றால் 87தான்!

நெடுஞ்சாலை மோட்டல்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சென்னை - திருச்சி பஸ்கள் நிற்கும் இடங்களில் முதலில் டோக்கன் வாங்க வேண்டும், டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் விழுங்க வேண்டும். அங்கே டிப்ஸுக்கு அன்றும் இடமில்லை, இன்றும் இல்லை.

இதற்குத் தீர்வு என்ன? பெரிய நகரத்து ரெஸ்டாரண்டுகள் ஒரு தீர்வு கண்டுபிடித்தன. பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் என்று 5 முதல் 10 சதவீதம் வரை, சில இடங்களில் அதற்கு மேலும், சேர்த்துவிடுவது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் போடப்பட்டது. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்குத் தடை போட்டு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கொடுப்பது வாடிக்கையாளர் விருப்பம். அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கடைசியில் 2025 மார்ச் 28 அன்று அதே நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட இரண்டு ஓட்டல் சங்கங்களுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. உங்கள் பில்லில் இப்படி ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

தீர்ப்பு சரிதான் என்பது என் கருத்து. சர்வீஸ் சார்ஜ் சர்வருக்குப் போகிறதா, முதலாளியின் வாடகைக்குப் போகிறதா என்று சாப்பிடுகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் இந்த வழக்கு நடந்த மூன்று வருடமும் பேசப்பட்டது வாடிக்கையாளர் உரிமை, முதலாளி உரிமை. தட்டைத் தூக்குகிறவர் எங்கள் ஊர்ச் சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தார்.

அமெரிக்கா போன நண்பர்கள் இன்னொரு தீர்வைச் சொல்வார்கள். கார்டைத் தேய்த்ததும் டேப்லட் திரை உங்கள் பக்கம் திரும்பும். 18, 20, 25 என்று மூன்று பட்டன்கள். "வேண்டாம்" என்பது கீழே சின்ன எழுத்தில். எதிரே ஊழியர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நியூயார்க் டாக்சிகளின் பின் சீட்டில் இப்படித் திரை வைத்தபோது 20, 25, 30 சதவீதம் என்று பட்டன்கள் வந்தன, பயணிகளும் கொடுத்துப் பழகினார்கள். சாப்ட்வேர் எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. டிஃபால்ட் எதுவோ அதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். செட்டிங்ஸுக்குள் போய் மாற்றுகிறவர் எத்தனை பேர்? நம் வீட்டு கம்ப்யூட்டரிலேயே பார்க்கிறோமே.

ஆனால் அந்த மூன்று பட்டன் நம் ஊருக்கு வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அங்கே அது வந்ததற்கு வேறு காரணம் உண்டு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு வெறும் 2.13 டாலர், 1991-லிருந்து அது மாறவே இல்லை. மீதியை வாடிக்கையாளர் நிரப்ப வேண்டும், நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது கணக்கு. அதாவது சம்பளத்தையே டிப்ஸாக மாற்றிவிட்டார்கள். நம் நாட்டில் சட்டம் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் ஓட்டல் தொழிலுக்கு என்று தனியாகக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கிறார்கள், டிப்ஸைக் காட்டி அதைக் குறைக்க இடமில்லை. அது எல்லா ஓட்டலிலும் முழுதாகக் கைக்கு வருகிறதா என்பது வேறு கேள்வி.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இந்த இடத்தில் குறுக்கே வருவார். "டிப்ஸ் கொடுப்பதே தப்பு. ஜப்பானில் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். முதலாளி ஒழுங்காகச் சம்பளம் தரட்டும், நான் ஏன் பிச்சை போடுவது போலப் போட வேண்டும்?" கொள்கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோட்டு கொடுத்துச் சாப்பிட்ட காலத்தில் இவர் இந்தக் கொள்கையைச் சொல்லி நான் கேட்டதில்லை. யு.பி.ஐ. வந்த பிறகுதான் ஜப்பான் நினைவுக்கு வந்தது. சம்பளத்தை உயர்த்தச் சொல்லி இவர் எந்த ஓட்டல் முதலாளியிடமும் பேசப் போவதில்லை. அதுவரை அந்த 3 ரூபாய் இவர் அக்கவுண்டிலேயே இருக்கும்.

சரி, எங்கள் ஓட்டலில் என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன். டெக்னிக்கலாகவும் கொஞ்சம் சுவாரஸ்யமான விஷயம்.

முதலில் தோன்றிய யோசனை, ஒவ்வொரு சர்வரும் சட்டைப் பையில் தன் கியூ.ஆர். கோடை மாட்டிக்கொள்வது. ஆட்கள் பாதிப் பேர் வடமாநிலத்துப் பையன்கள், எல்லோரிடமும் யு.பி.ஐ. இருக்கிறது. ஆனால் ஸ்கேன் செய்தால் பெயர் தெரியும். பலருடைய யு.பி.ஐ. முகவரியே மொபைல் நம்பர்தான். காபி போடும் இடத்தில் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். வருகிற போகிறவனுக்கெல்லாம் அவர்கள் நம்பரைக் கொடுக்க முடியுமா? உங்கள் ஊர் ஓட்டலிலோ பெட்ரோல் பங்க்கிலோ யாராவது இந்த யோசனை சொன்னால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த யோசனை, பில்லில் உள்ள கியூ.ஆர். வழியாகவே கூடுதலாக வாங்குவது. இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். கியூ.ஆர். படத்துக்குள் இருப்பது ஒரு வரி டெக்ஸ்ட்தான். யாருக்குப் பணம், அவர் பெயர், விரும்பினால் தொகை, விரும்பினால் ஒரு குறிப்பு. கல்லாவில் ஒட்டி வைத்த அட்டையில் தொகை இருக்காது, நீங்கள் டைப் செய்வீர்கள். பில்லோடு அச்சாகி வரும் கோடில் தொகையும் சேர்ந்திருக்கும், அதை உங்கள் ஆப் பெரும்பாலும் மாற்ற விடாது. ஆக, 87 ரூபாய் பில்லுக்கு 90 கொடுக்க விரும்புகிறவரைக்கூட சாப்ட்வேர் தடுத்துவிடுகிறது! குறைந்தபட்சத் தொகை என்று ஒரு ஃபீல்டுக்கும் யு.பி.ஐ. லிங்க் விதிகளில் இடம் இருக்கிறது. நான் பார்த்த பில்லிங் சாப்ட்வேர் எதிலும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை.

அப்படியே 90 வாங்கினாலும் அடுத்த சிக்கல் கணக்கில் வரும். அந்த 3 ரூபாய் யாருடைய வருமானம்? விற்பனையோடு சேர்த்து எழுதினால் அதற்கும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போய்விடும், லாபக் கணக்கிலும் ஏறிவிடும். இதற்கு உச்ச நீதிமன்றம் 2016 ஏப்ரலிலேயே பதில் சொல்லியிருக்கிறது. ஐ.டி.சி. நிறுவனத்துக்கும் வருமான வரித் துறைக்கும் நடந்த வழக்கு அது. கிரெடிட் கார்டில் வாடிக்கையாளர் சேர்த்துத் தரும் டிப்ஸ் ஓட்டலின் வங்கிக் கணக்குக்கு வந்து, பிறகு ஊழியர்களுக்குப் போகிறது. அது முதலாளி தரும் சம்பளமா என்பது கேள்வி. இல்லை, ஊழியர்களுக்காக நம்பிக்கையின் பேரில் கையில் வாங்கி வைத்திருக்கும் பணம்தான் அது என்றது நீதிமன்றம். நட்சத்திர ஓட்டல் வழக்கு என்றாலும் எங்கள் கல்லாவுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆகவே டேலியிலோ வேறு எதிலோ கணக்கு எழுதுகிறவர்கள் டிப்ஸை சேல்ஸ் லெட்ஜரில் போடாதீர்கள். கடன்கள் பக்கத்தில் தனி லெட்ஜர் ஒன்று திறந்து அதில் போடுங்கள். இரவு பட்டுவாடா ஆனதும் அது பூஜ்யத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் யாரோ யாருக்கோ பாக்கி.

பிரிட்டனில் இதற்கு ஒரு சட்டமே வந்தது. 2023-ல் நிறைவேறி 2024 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த அந்தச் சட்டப்படி டிப்ஸில் ஒரு பைசாவைக்கூட முதலாளி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, ஊழியர்களுக்கு நியாயமாகப் பிரித்துத் தர வேண்டும், எப்படிப் பிரிக்கிறோம் என்று எழுதி வைக்க வேண்டும். நம் ஊரிலும் சிறிய விஷயங்களுக்குச் சட்டம் வந்திருக்கிறது. கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கக் கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டமன்றம் திருத்தம் கொண்டு வந்தது. அந்த மசோதாவைக் கொண்டு வந்த அன்றைய தொழிலாளர் நலத் துறை அமைச்சர் சி.வெ.கணேசனின் தொகுதி, எங்களுக்குப் பக்கத்துத் திட்டக்குடிதான். நாற்காலிக்குச் சட்டம் வர முடியுமானால் சோம்புத் தட்டுக்கும் வரலாம்.

கடைசியில் நாங்கள் செய்தது எளிமையானது. மேஜை மீது இரண்டாவதாக ஒரு சிறிய கியூ.ஆர். அட்டை. ஓட்டலின் பெயரிலேயே தனி யு.பி.ஐ. முகவரி. "பரிமாறியவர்களுக்கு, விருப்பம் இருந்தால் மட்டும்" என்று தமிழில் ஒரு வரி. தொகை போடவில்லை, பட்டன் இல்லை. ஒரு முக்கியமான செட்டிங், அந்தக் கணக்கை சவுண்ட் பாக்ஸோடு இணைக்கவில்லை. "5 ரூபாய் பெறப்பட்டது" என்று கடை முழுக்கக் கேட்கும்படி பெட்டி கத்தினால் யார் கொடுப்பார்கள்? டிப்ஸின் பாதி அழகே யாரும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போவதில்தான் இருக்கிறது.

பிரிப்பதில்தான் சண்டை வந்தது. ஆர்டர் எடுக்கும் சாப்ட்வேரில் எந்த சர்வர் எந்த மேஜையைப் பார்த்தார் என்று இருப்பதால், ஆள்வாரியாகப் பிரித்துத் தருவது எனக்கு ஒரு மணி நேர வேலை. நான் அதைச் செய்ய மறுத்தேன். வாசல் பக்க மேஜை கிடைத்தவருக்கு ஒரு தொகை, கை கழுவும் இடத்துப் பக்கம் நிற்கிறவருக்கு ஒன்றுமில்லை என்றால் எப்படி? மேஜை துடைக்கும் பையனும் பாத்திரம் கழுவும் அம்மாவும் காசு வைக்கும் தட்டைப் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் வருகைப் பதிவுப்படி சமமாகப் பிரிக்கலாம் என்றேன். பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் மூத்த சர்வர் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, நான் பேசிப் பேசி, குழந்தைக்குத் தனியா பாலு ஆத்திக் குடுத்து வாங்குறது. அதை ஏன் மாவாட்டுறவனோட பங்கு போடணும்?" அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. வந்து உட்கார்ந்தவர் போன வாரம் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். எந்த டேட்டாபேஸும் அந்த வேகத்தில் தேடாது. பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். தட்டில் நோட்டாகவோ காசாகவோ விழுவது பரிமாறியவருக்கு. ஸ்கேனில் வருவது எல்லோருக்கும்.

முதல் மாதம் ஸ்கேனில் வந்தது பெரிய தொகை இல்லை. ஆளுக்குப் பிரித்தால் ஒரு டீ, ஒரு வடைக்குத் தேறும். ஆனால் தொகையை தினமும் இரவு சமையல்கட்டுச் சுவரில் உள்ள பலகையில் சாக்பீஸால் எழுதிவிட வேண்டும், அன்றைக்கே பட்டுவாடா செய்ய வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. சாப்ட்வேரில் ரிப்போர்ட் வருமே என்றேன். அது முதலாளியின் கம்ப்யூட்டரில்தானே வரும் என்றார் பாத்திரம் கழுவும் அம்மா. இப்போது பலகை இருக்கிறது. மாதக் கடைசியில் நான் ஊருக்கு வரும்போது லெட்ஜரையும் பலகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. நெய் ரோஸ்ட் எண்ணிக்கையை மட்டும் உறவினர் இன்னும் உயர்த்தவில்லை.